கவுன்சிலர் வீட்டு மாவு மில்

மீசை வைத்த தங்கபுஷ்பத்தை அந்தப் பெண் போலீஸ் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"யாரு கேண்டிடேட்டு?" என்று கேட்டார்.

"நாந்தான்" என்றார் ஜவஹர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கட்சிக் கரை வேட்டி, நெற்றியில் கபாலி கோயில் திருநீறு. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் கேண்டிடேட்டுதான்.

"பேரு?"

"தங்கபுஷ்பம் ஜவஹர்."

போலீஸ்காரம்மா கையிலிருந்த தாளைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார். "இதுல நீங்க யாரு சார்?"

"ரெண்டாவதா இருக்கிற பேரு."

"அப்ப மொதல்ல இருக்கிற பேரு எங்க?"

முதல் பேர் அவர் முதுகுக்குப் பின்னால் அரக்குச் சேலையில் அமைதியாக நின்றுகொண்டிருந்தது. ஒதுங்கி முன்னால் வந்து, கழுத்தில் தொங்கிய அட்டையைக் காட்டியது. "நீங்க போங்கம்மா" என்று கேட் திறந்தது. பின்னாலேயே ஆட்டோ மகேஷ் அட்டையைக் காட்டிப் போனான். மில்லுக்கு எதிர்வீட்டு ஜெயபாரதி போனாள். கட்சிக்காரர்கள் இன்னும் நாலைந்து பேர் போனார்கள். ஜவஹர் சட்டைப்பையைத் தடவினார். வேட்டி மடிப்பைத் தடவினார். அட்டை இல்லை. எப்படி இருக்கும்? ஓட்டு எண்ணுகிற இடத்தில் உட்கார வேட்பாளர் சார்பாக யார் யார் என்று பேர் கொடுத்ததே அவர்தான். ஒருத்தரை விடாமல் எல்லோருக்கும் எழுதினார், தன்னை மட்டும் எழுதவில்லை. வேட்பாளர் தனக்கே ஏஜெண்டாகப் பேர் எழுதுவாரா என்ன? மனசுக்குள் அவர்தானே வேட்பாளர்.

"ஏங்க, வெயில்ல நிக்காதிய" என்றாள் தங்கபுஷ்பம், கேட்டுக்கு உள்ளேயிருந்து. "அந்த மரத்தடியில போயி இருங்க. தூக்குச்சட்டியில இட்லி இருக்கு, சாப்பிட்டிருங்க."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

மனுஷனைக் குறை சொல்லியும் பயனில்லை. சாத்தான்குளத்துப் பக்கமிருந்து மயிலாப்பூருக்கு வந்து, சித்திரக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் மாவு மில் போட்டவர். போட்டது அவர், ஓட்டியது தங்கபுஷ்பம். அவருக்குக் கட்சி வேலை இருந்தது. பதினெட்டு வருஷம் பசை வாளி தூக்கினார், விளம்பரம் எழுதச் சுவர் பிடித்தார், தலைவர்கள் வந்தால் குடை பிடித்தார். என்றைக்காவது ஒருநாள் 'கவுன்சிலர் ஜவஹர்' என்று ஒரு போர்டு மில் வாசலில் தொங்கும் என்பது ஒன்றுதான் ஆசை. குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்துக்கொள்வார். இந்தத் தடவை சீட்டு அவருக்குத்தான் என்று உறுதியான நேரத்தில், வார்டு பெண்களுக்கு ஒதுக்கீடு என்று வந்துவிட்டது. அன்றைக்கு ராச்சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. மறுநாள் கட்சி ஆபீஸில் ஒருவர், "அதனால என்னப்பா, வீட்டுக்காரம்மா இருக்காங்கல்ல?" என்றதும்தான் முகத்தில் ரத்தம் ஓடியது.

போஸ்டரில் அவர் முகம் தாம்பாளம் அளவு. அவள் முகம் ஓரத்தில், ரேஷன் கார்டுப் படம் மாதிரி.

தங்கபுஷ்பம் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. மாவு சலித்துக்கொண்டே கேட்டாள். "ஜெயிச்சா நாற்காலியில யாரு இருப்பா?"

"நீதான். வேற யாரு?"

"பேருக்கு இல்ல. நெசத்துக்கு. நான் அங்க போனா மிஷினை நீங்கதான் பாக்கணும். சம்மதம்னா கையெழுத்துப் போடுதேன்."

"சரி சரி" என்றார் ஜவஹர். சித்திரை மாசத்தில் மழை வந்தால் குடை தருவாயா என்று கேட்டால் சொல்கிற சரி அது. அவளும் சல்லடையைத் தட்டி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

ஓட்டு எண்ணுகிற இடம் கடற்கரைப் பக்கத்துக் கல்லூரி. கேட்டுக்கு எதிரே தூங்குமூஞ்சி மரம், அதன் கீழே ஒரு சைக்கிள் டீக்காரர், நாலைந்து கட்சிக் கொடி, ஒரு ஸ்கூட்டர். மாசி மாசத்து வெயில் காலையிலேயே கண்ணைக் கூசவைத்தது. ஸ்கூட்டர் சீட்டில் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஜவஹருக்குத் திக்கென்றது. எதிர்க்கட்சி வேட்பாளர் சகினாவின் புருஷன் ஹபீபுர் ரஹ்மான். கச்சேரி ரோட்டில் வண்டிக்கு சீட்டு கவர் தைக்கிற கடைக்காரர்.

"வாங்க அண்ணாச்சி" என்றார் ஹபீப், ரொம்ப நாள் எதிர்பார்த்தவர் மாதிரி. "உங்களையும் தள்ளிட்டாங்களா?"

"தள்ளல்லாம் இல்ல பாய். வெளிய ஆளுக்கு வேலை இருக்குல்லா, அதான் நானே நின்னுக்கிட்டேன்."

"அட்டை இல்லியா?"

ஜவஹர் மரத்தைப் பார்த்தார். "இல்ல."

ஹபீப் சிரித்த சிரிப்பில் ஸ்கூட்டர் ஆடியது. "எங்கிட்ட அட்டை கீது அண்ணாச்சி. உள்ள போய் குந்தியும் ஆச்சு. ஆபீசர் வந்து, 'உங்க பேரு என்னம்மா'ன்னு சகினாவைக் கேக்குறாரு. நான் சொல்லிட்டேன். 'வயசு?' அதையும் சொல்லிட்டேன். மூணாவதா இன்னாவோ கேட்டாரு, அதுக்கும் என் வாய் சும்மா இல்ல. 'கேண்டிடேட்டு அவங்களா நீங்களா'ன்னு கேட்டு வெளிய அனுப்ச்சிட்டாரு. எம் பொண்டாட்டி ஒரு வார்த்தை தடுக்கல, அண்ணாச்சி. கையக் கட்டிக்கினு சிரிக்கிறா."

அதைக் கேட்டதும் ஜவஹருக்கு மனசு லேசாயிற்று. துக்கத்தில் பங்காளி கிடைத்தால் அது பாதி துக்கம். தூக்குச்சட்டியைத் திறந்தார். நல்லெண்ணெயில் குழைத்த பொடி தடவிய இட்லி, வாழையிலையில் இரண்டு பேருக்கான அளவு. உள்ளே போய்ப் பொண்டாட்டியோடு சாப்பிடலாம் என்று கொண்டுவந்தது.

"எடுங்க பாய்."

ஹபீப் ஒரு விள்ளல் வாயில் போட்டார். "அக்கா மில்லுப் பொடி. எங்க வூட்லயும் இதான். இன்னா சொல்றீங்க, எலெக்‌ஷன் நேரத்துல கூட சகினா கோதுமை டப்பாவைத் தூக்கிக்கினு உங்க மில்லுக்குத்தான் போனா. பகல்ல ரெண்டு பேரும் எதிர் எதிரா ஓட்டுக் கேக்குறாங்க, சாயங்காலம் மில்லுல குந்தி பேசிக்கினு கீறாங்க. இன்னாடி இதுன்னா, 'எலெக்‌ஷன் வேற, சப்பாத்தி வேற'ன்றா."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"உங்ககிட்ட ஏன் சொல்லணும்? நீங்க மில்லுப் பக்கம் போனாத்தானே."

அதுவும் நியாயம்தான். ஜவஹர் டீ சொன்னார்.

"சரி, நெசமா சொல்லுங்க" என்றார் ஹபீப், கிளாசை வாங்கிக்கொண்டு. "அக்கா ஜெயிச்சா ஆபீஸ்ல யாரு குந்துவா?"

"இதென்ன கேள்வி பாய். அவளுக்கு மிளகா தெரியும், மல்லி தெரியும். கார்ப்பரேஷன்ல பேசத் தெரியுமா? பேருக்கு அவ, ஓட்டத்துக்கு நான்."

"நானும் அப்டித்தான் நெனச்சேன். காலையில ஏழரை வரைக்கும்" என்றார் ஹபீப்.

இவர்கள் வார்டு எண்ண ஆரம்பிக்கவே பத்தரை தாண்டியது. உள்ளே மைக்கில் ஏதோ சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் மகேஷ் கம்பி வேலிக்குப் பக்கத்தில் ஓடி வந்தான். "தலைவரே, மொத ரவுண்டு நம்மதான் லீடிங். செமத்தியா போய்க்கினு கீது."

வெளியே நின்ற கட்சிக்காரர்களுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வெற்றிக்கென்று சொல்லிவைத்திருந்த டிரம் செட்டுக்காரர் வந்து ஜவஹர் காதோரம் நின்றார். "அண்ணே, ஆரம்பிச்சிரலாமா?"

"இன்னும் ரெண்டு ரவுண்டு இருக்கேப்பா."

"இருக்குண்ணே. எங்களுக்குப் பன்னண்டு மணிக்கு இன்னொரு வார்டுல வெற்றி இருக்கு. வாக்குக் குடுத்துட்டோம். இப்ப அடிச்சாத்தான் உண்டு."

வாசித்தது இரண்டு பாட்டுக்குத்தான். ஆனால் டிரம் சத்தம் கேட்டால் கட்சிக்காரனுக்குக் கை சும்மா இருக்காதே. மாட வீதியில் சொல்லிக் கட்டின ஆளுயர ரோஜா மாலை கூடையிலிருந்து வெளியே வந்தது. "தலைவரே, குனிங்க" என்றார்கள். பதினெட்டு வருஷம் அடுத்தவன் கழுத்தில் மாலை விழுவதையே பார்த்த கழுத்து அது. வேண்டாம் என்று வாய் சொல்வதற்குள் கழுத்து குனிந்துவிட்டது. யாரோ போட்டோ எடுத்தார்கள். டிரம் செட்டு வேனில் ஏறி அடுத்த வெற்றிக்குப் போய்விட்டது.

ரோஜா வாசமும் வேர்வையுமாக ஜவஹர் மறுபடி மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தார்.

"நல்லாக்கீது" என்றார் ஹபீப், மாலையைப் பார்த்து. "மாப்ள மாதிரி கீறீங்க."

இரண்டாவது ரவுண்டுக்கு மகேஷ் ஓடி வரவில்லை, நடந்து வந்தான். வேலியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். "சகினா அக்கா தாண்டிட்டாங்க தலைவரே. கச்சேரி ரோட்டுப் பெட்டி மொத்தமும் அங்க போயிடுச்சு."

ஹபீப் எழுந்து குதித்திருக்கலாம். அவருடைய ஆட்கள் குதித்தார்கள். அவர் மட்டும் ஜவஹரின் தோளில் கை வைத்து, "இருங்க, இன்னும் ஒண்ணு கீதுல்ல" என்றார்.

ஜவஹர் மாலையைக் கழற்றி ஸ்கூட்டர் கைப்பிடியில் மாட்டினார். போர்டு போயிற்று என்றுதான் முதலில் நினைத்தார். பதினெட்டு வருஷம் போயிற்று என்று நினைத்தார். அப்புறம் அவரையும் கேட்காமல் மனசு வேறு எங்கோ போனது.

பிரசாரத்தின்போது ஒருநாள் சாயங்காலம், குளக்கரை முக்கில் அவர் பேசி முடிக்கிற நேரம், தங்கபுஷ்பம் அவர் கையிலிருந்த மைக்கை மெதுவாக வாங்கினாள். "நம்ம தெருவுல குடிக்கிற தண்ணியில சாக்கடை வாடை அடிக்கி. நான் மில்லுல இருந்து தெனமும் கேக்கேன். குழாய் எந்த இடத்துல ஒடைஞ்சிருக்குன்னு தோண்டிப் பாக்கச் சொல்லுவேன். தோண்டுற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அதுவரை சாத்தியிருந்த கதவுகள் திறந்தன. பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். யாரோ கை தட்டினார்கள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கல்யாணத்தன்றுகூட அவர் பார்த்ததில்லை. உடனே மைக்கைப் பிடுங்கி, "நேரமாச்சு, அடுத்த தெரு" என்று சொன்னது அவர்தான்.

தோற்றால் இவருக்கு ஒரு போர்டு போகும். அவளுக்குப் போவது அந்த முகம். அவளும் காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டாள். இட்லியெல்லாம் இங்கே இரண்டு ஆம்பிளைகள் தின்று தீர்த்தாயிற்று.

"பாய், எனக்கு இப்ப நான் ஜெயிக்கணும்னு இல்ல" என்றார். "அவ ஜெயிக்கணும்."

"அதுக்கு என் பொண்டாட்டி தோக்கணும், அண்ணாச்சி."

"ஆமால்ல."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குமேல் அந்தப் பேச்சை எங்கே கொண்டுபோவது என்று தெரியவில்லை. இன்னொரு டீ சொன்னார்கள்.

கடைசி ரவுண்டில் எண்ணியது சித்திரக்குளத்துச் சந்துகளின் பெட்டிகளை. மைக் கரகரத்தது. நாற்பத்தொரு ஓட்டு வித்தியாசத்தில் தங்கபுஷ்பம் என்று சொன்னார்கள். தங்கபுஷ்பம் என்று மட்டும்தான் சொன்னார்கள், ஜவஹர் என்று சேர்க்கவில்லை. வெளியே நின்ற கூட்டம் ஆர்ப்பரித்தது. ஹபீப் கீழே குனிந்து செருப்பைச் சரி செய்தார். பிறகு நிமிர்ந்து, "முபாரக் அண்ணாச்சி" என்று கட்டிப்பிடித்தார். அவர் கண் கொஞ்சம் சிவந்துதான் இருந்தது.

கேட் திறந்தது. கையில் சான்றிதழோடு தங்கபுஷ்பம் வந்தாள். பக்கத்திலேயே சகினா வந்தாள். தோற்ற ஆள் யார், ஜெயித்த ஆள் யார் என்று தெரியாதபடி இரண்டு பேரும் எதையோ பேசிக்கொண்டே வந்தார்கள். கட்சிக்காரர்கள் மாலையைத் தேடினார்கள். ஸ்கூட்டரில் தொங்கிக்கொண்டிருந்தது, பாதி இதழ் உதிர்ந்து. மகேஷ் அதைத் தூக்கிக்கொண்டு நேராக ஜவஹரிடம் வந்தான்.

"குனிங்க தலைவரே."

பழக்கம் பாருங்கள், கழுத்து பாதி குனிந்துவிட்டது. அப்போது தங்கபுஷ்பத்தைப் பார்த்தார். அவள் கோபமாக ஒன்றும் பார்க்கவில்லை. இந்த மனுஷன் என்ன செய்யப்போகிறான் என்று பார்த்தாள். அதுதான் பொறுக்க முடியவில்லை. ஜவஹர் மாலையை மகேஷ் கையிலிருந்து வாங்கி, நாலு எட்டு நடந்து, பொண்டாட்டி கழுத்தில் போட்டார்.

ஜெயபாரதிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அண்ணாச்சி, இன்னா இது, ரெண்டாங் கல்யாணமா? அக்கா, நீயும் மாலை மாத்தணும்ல."

"எங்கிட்ட மாலை இல்லையே" என்றாள் தங்கபுஷ்பம். இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை உருவினாள். மில் சாவி, மோட்டார் ரூம் சாவி, கல்லாப்பெட்டிச் சாவி. அதை எடுத்து அவர் கையில் வைத்து விரல்களை மூடினாள். "சொன்னது ஞாபகம் இருக்குல்லா? காலையில அஞ்சரைக்கு மிஷினைத் திறக்கணும்."

கச்சேரி ரோட்டுக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். ஹபீப்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

பதவிப் பிரமாணம் முடிந்தது. மறுநாள் விடிந்ததும் அவள் குழாய் தோண்டுகிற இடத்துக்குக் கிளம்பிப் போனாள். ஜவஹர் பழைய பனியனைப் போட்டுக்கொண்டு மில்லைத் திறந்தார். மோட்டார் எங்கே போடுவது என்று தெரிந்திருந்தது, அந்த மட்டும் பெருமைதான். தராசு, சல்லடை, வரிசையாக டப்பாக்கள். அந்த மில்லில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. காலையில் வெள்ளைச் சரக்கு, அரிசி கோதுமை. மத்தியானத்துக்கு மேல்தான் சிவப்புச் சரக்கு, மிளகாய் மசாலா. எவ்வளவு கெஞ்சினாலும் தங்கபுஷ்பம் அதை மாற்றியதில்லை.

ஆறரை மணிக்கு ஒரு அம்மா ஒரு பை காய்ந்த மிளகாயோடு வந்து நின்றாள். "அண்ணாச்சி, ஊருக்குப் போறேன், ட்ரெயினுக்கு நேரமாவுது. இத மட்டும் அரைச்சுக் குடுத்துடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

பதினெட்டு வருஷம் அரசியலில் இருந்த மனுஷன். கேட்டவர்களிடம் இல்லை என்று சொல்லிப் பழக்கமே இல்லை. வாங்கிக் கொட்டினார். சந்து முழுக்கத் தும்மியது. அதற்கப்புறம் வரிசையில் இருந்த புட்டு மாவு, இடியாப்ப மாவு, கோதுமை எல்லாம் அதே மிஷினில் அரைபட்டுப் போயின.

பதினோரு மணி இருக்கும். வெளியே ஒரு கூட்டம் வந்தது. கவுன்சிலரைப் பார்க்க வந்த முதல் கூட்டம் என்று ஜவஹர் மிஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார். கவுன்சிலர் ஆபீஸாக்கியிருந்த பக்கத்து அறையில் தங்கபுஷ்பம் அப்போதுதான் சேறு காலோடு வந்து உட்கார்ந்திருந்தாள்.

"கவுன்சிலரம்மா, உங்க வார்டுல ஒரு மாவு மில்லு கீது" என்று ஆரம்பித்தது ஹபீபின் குரல். "இன்னிக்குக் காலையில இடியாப்பம் துன்னேன். கண்ணுல தண்ணி நிக்கல."

"ஆத்துல ஸ்வாமிக்குக் கொழுக்கட்டை பண்ணிண்டிருந்தேன்" என்றாள் ஒரு மாமி. "நைவேத்யத்துக்கு முன்னாடி வாயில வெக்கப்படாது, வெக்கலை. ஆனா அப்புறம் வெச்சுப் பார்த்தப்போ பிள்ளையார் எப்படிப் பொறுத்துண்டார்னுதான் தெரியலை."

"எம் மாமியாரு சப்பாத்தியத் துன்னுட்டு என்னியத் திட்றாங்க" என்றாள் ஜெயபாரதி.

சகினா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"விசாரிக்கேன்" என்றாள் தங்கபுஷ்பம்.

நாற்காலி நகர்ந்தது. ஜவஹருக்குப் பின்வாசல் வழியாகப் போய்விடலாமா என்று இருந்தது. அதற்குள் மில் வாசலில் அவள் நின்றாள், அவளுக்குப் பின்னால் வார்டே நின்றது. தலையிலும் புருவத்திலும் மாவு அப்பியிருந்த புருஷனை மேலும் கீழும் பார்த்தாள்.

"காலையில மிளகா அரைச்சியளா?"

"ட்ரெயினுக்கு நேரமாச்சுன்னு கேட்டாங்க..."

"யாரு கேட்டாலும் வெள்ளை முன்னாடி, சிவப்பு பின்னாடி. மிஷினைக் கழத்தித் தொடைங்க. நம்ம அரிசியில ரெண்டு படி போட்டு ஓட்டி, அந்த மாவைத் தனியா எடுத்து வையுங்க, நாம தின்னுக்கலாம். இவங்க எல்லாருக்கும் சாயங்காலத்துக்குள்ள வேற மாவு அரைச்சு வீட்டுல கொண்டு குடுக்கணும். நான் வந்து பாப்பேன்."

அதே குரல்தான், குளக்கரை முக்கில் கேட்ட குரல். முகத்திலும் அதே வெளிச்சம். இந்தத் தடவை ஜவஹருக்குப் பிடுங்க மைக் எதுவும் இல்லை, பிடுங்கவும் தோன்றவில்லை.

"சரிங்க கவுன்சிலர்" என்றார்.

பதினெட்டு வருஷமாகத் தன் பேரோடு சேர்த்துச் சொல்லிச் சொல்லிப் பார்த்த சொல். அவளைப் பார்த்துச் சொன்னபோதும் வாய்க்கு நன்றாகத்தான் இருந்தது.